எண்பது பொட்டலம் விற்றும் நட்டமா?



சென்ற மாதம் ஒரு மாலை, எங்கள் லயத்து அக்கா ஒருவர் மகளின் கணக்குப் புத்தகத்தோடு வாசலில் வந்து நின்றார். முன்பக்கம் மகளின் வகுத்தல். பின்பக்கம் தாயின் வியாபாரம். குளுவாங் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்துச் சந்தியில் விடியற்காலையில் நாசி லெமாக் விற்கிறவர் அவர்.

"சனிக்கிழமை அத்தனையும் வித்துப்போச்சு, சார். ஆனா பள்ளி பஸ்ஸுக்கு எடுத்து வச்ச காசைக் காணோம். எங்கே போச்சுன்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்களும் ஒரு பென்சிலை எடுங்கள்.

ஒரு பொட்டலத்துக்கு அடக்கம் 1 வெள்ளி 20 காசு. விற்பது 2 வெள்ளிக்கு. வழக்கமாக 40 போகும். இலாபம் 32 வெள்ளி. சம்பளம் போட்ட சனிக்கிழமை விலையை 1 வெள்ளி 50 காசாகக் குறைத்து, அட்டையில் எழுதியும் மாட்டினார். 80 பொட்டலம் ஏழரை மணிக்கே தீர்ந்தது. இலாபம்? பொட்டலத்துக்கு 30 காசு வீதம் 24 வெள்ளி. இரட்டிப்பு வேலை, வருமானமோ 8 வெள்ளி குறைவு! அன்றைய கூட்டத்தில் இது அவர் கண்ணில் படவில்லை.

திங்கட்கிழமை பழைய விலைக்கு மறுபடி 80 கட்டினார். "இன்னைக்கும் ஒன்றரை வெள்ளிதானே?" என்று கேட்டுவிட்டுப் பலர் நடந்துவிட்டார்கள். விற்றது 30. மிச்சம் 50 பொட்டலமும் குப்பைக்குப் போக, நட்டம் 36 வெள்ளி. பஸ் காசு போன வழி அதுதான்.

மேல்நாட்டுக் கணித அறிஞர்கள் இதைச் செய்தித்தாள் விற்பவன் கணக்கு என்கிறார்கள். விற்காத தாள் மறுநாள் பொட்டலம் மடிக்கவாவது ஆகும். தேங்காய்ப்பால் சோறு அதற்கும் ஆகாது, மத்தியானத்துக்குள் ஊசிப்போகும்.

கணக்கு எளிது. அடக்கத்தை விலையால் வகுங்கள். 1.20ஐ 2ஆல் வகுத்தால் 0.6. பத்து நாளில் ஆறு நாளாவது விற்றுப்போகும் என்று நம்பிக்கை உள்ள பொட்டலத்தைத்தான் கட்டலாம். மலிவு நாளில் 1.20ஐ 1.50ஆல் வகுத்தால் 0.8. அன்றைக்குப் பத்தில் எட்டு நாள் விற்கும் உறுதி வேண்டும். அதாவது, கூட்டம் வரும் நாளில்தான் கை அதிகம் அடங்க வேண்டும். நாம் செய்வதோ நேர்மாறு!

மலிவு யோசனை அவருக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். டவுன் சாப்பாட்டுக் கடையில் 'மெனு ரஹ்மா' அட்டையைப் பார்த்தாராம். 2023 ஜனவரி இறுதியில் அந்த 5 வெள்ளிச் சாப்பாட்டைத் தொடக்கி வைத்தவர் அன்றைய உள்நாட்டு வாணிப அமைச்சர் சலாஹுடின் அயூப். நம் ஜொகூரின் பூலாய் தொகுதி உறுப்பினர். அதே ஆண்டு ஜூலையில் காலமாகிவிட்டார். அந்தச் சாப்பாடு நாள்தோறும் அதே விலை. இன்று 50 தட்டு என்றால் நாளையும் ஏறக்குறைய அவ்வளவுதான். கடைக்காரருக்குச் சில வாரத்தில் அளவு பிடிபட்டுவிடும். ஒரே நாள் மலிவோ அந்த ஒரு நாளின் கணக்கை மட்டுமே சொல்லும். அதை வழக்கமான நாளோடு சேர்த்து எழுதினால் இரண்டும் கெட்டுப்போகும்.

ஆகவே அக்காவின் புத்தகத்தில் மலிவு நாளுக்குத் தனிப் பக்கம் கோடு போட்டுக் கொடுத்தேன். இன்னொன்றும் சொன்னேன்: "தீர்ந்துபோச்சு" என்று மட்டும் எழுதாமல், எத்தனை மணிக்குத் தீர்ந்தது, அதன்பின் எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்றும் குறிக்க வேண்டும். விற்ற எண்ணிக்கையில் அவர்கள் வரமாட்டார்கள் அல்லவா?

நேற்றுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். 38 கட்டியிருக்கிறார், எட்டு மணிக்குத் தீர்ந்திருக்கிறது, திரும்பியவர் 3 பேர். பஸ்காரருக்கு இன்னும் பாதிப் பணம் பாக்கி.