கொலைகாரி என்று சொல்லிவிட்டால் போதுமா?

கிரேக்கத் துன்பியல் நாடகங்கள் பெண்ணைக் கொலைகாரியாகவோ பலியாடாகவோ மட்டுமே காட்டின என்கிறார்கள். கதைச்சுருக்கத்தோடு நின்றுவிட்டவர்களுக்கு அது சரியாகத்தான் படும்.

கிளைட்டம்னெஸ்ட்ரா கணவன் அகமெம்னானைக் கொல்கிறாள், உண்மை. ஆனால் போர்க்கப்பல்கள் புறப்படக் காற்று வேண்டி மகள் இஃபிஜெனியாவைப் பலியிட்டவன் அவன் என்பதை நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் மறைக்கவில்லை. நாடுகடத்துவோம் என்ற ஊர் முதியவர்களை அவள் மடக்குகிறாள்: மகளைக் கொன்றவனை ஏன் துரத்தவில்லை? முதலில் மிரட்டியவர்கள், கடைசியில் தீர்ப்புச் சொல்வது கடினம் என்று இறங்கிவருகிறார்கள்.

கி.மு. 431-இல் மேடையேறிய யூரிபிடிஸ் நாடகத்தின் நாயகி மெடியா, தன் பிள்ளைகளைக் கொல்வதற்கு வெகுமுன்பே வேறொன்றைப் பேசிவிடுகிறாள். சீர் கொடுத்துக் கணவனை வாங்கி, தன் உடலுக்கே அவனை எசமானாக்கிக்கொள்ளும் வாழ்க்கை. பிரிந்தால் கெட்ட பெயர் பெண்ணுக்கே. ஒரு பிரசவத்துக்கு மூன்று போர்களே மேல் என்கிறாள். முகமூடி அணிந்த ஆண் நடிகர், ஆண்கள் ஆண்ட ஏதென்ஸின் முகத்துக்கு நேரே பேசிய பேச்சு இது. அந்த ஆண்டுப் போட்டியில் யூரிபிடிஸுக்கு மூன்றாமிடம், அதாவது கடைசி இடம்.

தாய் விதையைக் காக்கும் செவிலி மட்டுமே என்று அப்போலோ தெய்வம் வாதாடி, தாய் கிளைட்டம்னெஸ்ட்ராவைக் கொன்ற ஒரெஸ்டிஸ் விடுதலையாகும் ஈஸ்கிலஸின் ‘யூமெனிடிஸ்’ நாடகத்தில் வேண்டுமானால், பெண்ணைக் குறுக்கிக் காட்டினார்கள் என்ற குற்றச்சாட்டு நிற்கும். அங்கேயும் வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தன.

வீரமும் சாமர்த்தியமும் பெண் பாத்திரத்துக்குப் பொருந்தாது என்று விதி எழுதியவர் இந்த நாடகாசிரியர்கள் அல்ல, தத்துவஞானி அரிஸ்டாட்டில். பொருந்தாத பேச்சுக்கு அவர் காட்டிய உதாரணம், யூரிபிடிஸின் மெலனிப்பே என்ற பெண் பாத்திரம் பேசியது.