எந்த நச்சு என்று சொல்லவில்லை

மொழிபெயர்த்துப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. படிக்கிறவர் தாண்டிப் போய்விடக்கூடிய சொல்லை அவர்கள் தாண்டிப் போக முடியாது. அது எந்த அர்த்தத்தில் வந்திருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். சில வருடங்களுக்கு முன்பு ஒரு விளம்பர ஏஜென்சி எனக்கு எட்டுப் பக்கப் பிரசுரம் ஒன்றை அனுப்பியது. ஏழு பாட்டில் சாறு, ஏழு நாள். உடலில் சேர்ந்திருக்கும் நச்சுகள் எல்லாம் வெளியேறிவிடும், கல்லீரல் புதிதாகிவிடும் என்பது சாரம். 'டீடாக்ஸ்' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது.

நான் ஏஜென்சிக்குப் போன் செய்தேன். "எந்த நச்சு என்று எங்கும் சொல்லவில்லையே. இதைக் 'கழிவு' என்று எழுதுவதா, 'நச்சு' என்று எழுதுவதா? இரண்டும் ஒன்றல்ல." மறுமுனையில் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "மேடம், எது படிச்சா பயமா இருக்குமோ, அதைப் போடுங்க."

'நச்சு' என்று போட்டேன். பணமும் வந்தது. அதோடு அதை மறந்துவிட்டேன்.

என் சித்தி மும்பை செம்பூரில் இருக்கிறார். வயது 68. இருபது வருடமாகச் சர்க்கரை நோய். சிறுநீரகம் கொஞ்சம் பலவீனம் என்று டாக்டர் சொல்லி வைத்திருந்தார். கை கால் அசதி, மலச்சிக்கல் என்று எல்லா வயதானவர்களுக்கும் இருக்கும் புகார்கள் அவருக்கும் இருந்தன. பக்கத்து ஃபிளாட் பெண் ஒருத்தி நல்லெண்ணத்தோடு ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். காலையில் வெறும் வயிற்றில் பாலக் கீரை, பீட்ரூட், நெல்லிக்காய் அரைத்த சாறு ஒரு பெரிய தம்ளர். பதினொரு மணிக்கு இளநீர். மாலையில் மறுபடியும் சாறு. பன்னிரண்டு நாள் சிரத்தையாகக் குடித்தார். பதின்மூன்றாம் நாள் காலையில் கால்கள் துவண்டு எழுந்திருக்க முடியவில்லை. மார்பில் படபடப்பு. ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்தால் பொட்டாசியம் அபாய அளவில் இருந்தது. இரண்டு முறை டயாலிசிஸ் செய்து பிழைக்க வைத்தார்கள்.

நல்ல சிறுநீரகம் அதிகப்படியான பொட்டாசியத்தைச் சத்தமில்லாமல் வெளியே அனுப்பிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. ரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும், நின்றும் போகலாம். கீரையும் இளநீரும் பொட்டாசியம் நிறைந்தவை. ஒருவருக்கு உணவாக இருப்பது இன்னொருவருக்கு நச்சாவது இப்படித்தான். அந்தத் தாளில் இருந்த ஒரே நிஜமான நச்சு, அது குடிக்கச் சொன்ன சாறுதான்.

நான் போய்ப் பார்த்தபோது சித்தி அந்தத் தாளைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் மொழிபெயர்த்தது அல்ல, வேறு கம்பெனி. ஆனால் வாக்கியங்கள் எல்லாம் எனக்குத் தெரிந்த வாக்கியங்களாக இருந்தன. "நல்ல தமிழ்ல எழுதியிருந்ததும்மா. அதான் நம்பிட்டேன்" என்றார் சித்தி. தில்லி திரும்பும் ரயிலில் தூக்கம் வரவில்லை.

அன்று ஏஜென்சியிடம் கேட்டுவிட்டு விட்ட கேள்விக்கு நானே பதில் தேடினேன். உடம்பில் கழிவு சேர்கிறதா? சந்தேகமில்லாமல் சேர்கிறது, ஒவ்வொரு நிமிஷமும். ஆனால் அதை அகற்றுவதற்கு ஏழு நாள் முகாம் எதையும் உடம்பு எதிர்பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

கல்லீரலைப் பாருங்கள். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடை. குடலில் இருந்து உணவின் சாரத்தைச் சுமந்துவரும் ரத்தம் உடம்பின் மற்ற பகுதிகளுக்குப் போவதற்கு முன்னால் இந்தச் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். பருப்பும் முட்டையும் செரித்த பிறகு மிஞ்சும் அம்மோனியா மூளையைப் பாதிக்கக்கூடியது. கல்லீரல் அதை அவ்வளவாகத் தீங்கில்லாத யூரியாவாக மாற்றிவிடுகிறது. இந்த ரசாயனச் சுழற்சியை ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்ஸலைட்டும் ஜெர்மனியில் 1932இல் கண்டறிந்தார்கள். சாராயம், தலைவலி மாத்திரை, பழைய ஹார்மோன் எல்லாவற்றுக்கும் அங்கே தனித்தனி என்சைம்கள் இருக்கின்றன. மாற்றியதில் ஒரு பகுதி பித்தநீரோடு குடலுக்குப் போகிறது. மறு பகுதி ரத்தத்தோடு சிறுநீரகத்துக்கு.

சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள். இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் உடம்புக்கு வேண்டியதை எல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான் வெளியே விடுகின்றன. நுரையீரல் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. வியர்வைக்கு நாம் கொடுக்கும் பெருமை கொஞ்சம் அதிகம். அதன் முக்கியமான வேலை உடம்பைக் குளிர்விப்பதுதான். அதில் பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான் இருக்கின்றன.

இந்த ஏற்பாடு உண்மையில் நின்றுபோனால் என்ன ஆகும் என்று அறிய டயாலிசிஸ் வார்டுக்குப் போக வேண்டும். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் மனிதர்கள் ஊசியோடு படுத்திருக்கிறார்கள். அந்த இயந்திரம்கூட சிறுநீரகத்தின் வேலையில் ஒரு பங்கைத்தான் செய்கிறது. ஒரு பாட்டில் சாறு அதைச் செய்யும் என்றால் மத்திய அரசு 2016இல் மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கென்று தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்திருக்க வேண்டியதே இல்லை.

ஏஜென்சிக்காரருக்கு மட்டும்தான் பதில் தெரியவில்லை என்று நினைத்தேன். அப்படியல்ல. 2009இல் பிரிட்டனில் இளம் விஞ்ஞானிகள் சிலர் பாட்டில் தண்ணீரிலிருந்து முகப்பூச்சு வரை, 'டீடாக்ஸ்' என்று விற்கப்பட்ட 15 பொருட்களை எடுத்துக்கொண்டு, அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்ன என்று தயாரிப்பாளர்களைக் கேட்டார்கள். எந்த இரண்டு கம்பெனியும் ஒரே அர்த்தத்தைச் சொல்லவில்லை. 2015இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் இந்த உணவுமுறைகளைப் பற்றி வெளியான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கடையில் விற்கும் இத்தகைய உணவுத் திட்டம் எதையும், ஒரு மருந்தைச் சோதிப்பதுபோல் மனிதர்களிடம் முறையாகச் சோதித்ததாகவே தெரியவில்லை என்று எழுதினார்கள்.

"ஆனால் குடித்தால் உடம்பு லேசாக இருக்கிறதே?" என்று கேட்பவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த ஏழு நாளும் அவர்கள் பஜ்ஜி சாப்பிடவில்லை, இனிப்பு சாப்பிடவில்லை, குடிக்கவில்லை, நேரத்தோடு படுத்தார்கள். லேசாக இல்லாமல் என்ன செய்யும்? புகழ் மட்டும் பாட்டிலுக்குப் போய்விடுகிறது. குறைந்த எடையும் முக்கால்வாசி தண்ணீர்தான். எட்டாம் நாள் சோறு சாப்பிட்டதும் திரும்பி வந்துவிடும்.

மூலிகைதானே, கெடுதல் செய்யாது என்று நினைப்பதும் சரியல்ல. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு சீந்தில் கஷாயம் கொதித்தது நினைவிருக்கும். அதைக் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். அடுத்து நாட்டின் 13 மையங்களில் இருந்து 43 பேரைப் பற்றிய விவரம் வந்தது. குடித்தது அசல் சீந்தில்தானா, அதைப் போன்ற வேறு கொடியா என்று சரிபார்க்கவில்லை என ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. கொடி எதுவாக இருந்தாலும் மஞ்சள் காமாலையோடு படுத்தவர்கள் படுத்தவர்கள்தான். கிரீன் டீயைப் பானமாகக் குடிப்பதில் பயமில்லை என்று சொன்ன ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அதன் சத்தைச் செறிவாக்கி மாத்திரையாகத் தினம் 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ விழுங்கினால் கல்லீரலுக்குக் கெடுதல் வரலாம் என்று 2018இல் எச்சரித்தது.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லையா? நிறைய இருக்கிறது. ஆனால் எதையும் பாட்டிலில் அடைத்து விற்க முடியாது. அதனால்தான் அதற்குப் பிரசுரம் அச்சடிக்க ஆளில்லை.

கல்லீரலுக்கு இன்று பெரிய எதிரிகள் சாராயமும், அளவுக்கு மீறிய சர்க்கரையும், இடுப்புச் சுற்றளவும், பி, சி வகை மஞ்சள் காமாலைக் கிருமிகளும்தான். ஒரு சொட்டு மது தொடாதவர்களின் கல்லீரலிலும் கொழுப்பு படிகிறது. இது பெருகுவதைப் பார்த்துத்தான் 2021இல் தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் இதையும் மத்திய அரசு சேர்த்தது. எடை கூடுதலாக இருப்பவர் அதில் பத்தில் ஒரு பங்கை நிதானமாகக் குறைத்தாலே படிந்த கொழுப்பு கணிசமாகக் கரைகிறது. வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடப்பது இதில் பாதி வேலை. காமாலை பி கிருமிக்குத் தடுப்பூசி இருக்கிறது. 2011 முதல் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடுகிறார்கள். போட்டுக்கொள்ளாத பெரியவர்கள் டாக்டரிடம் கேட்கலாம்.

சிறுநீரகத்தைப் பெரும்பாலும் கெடுப்பவை கட்டுப்படாத சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும். இரண்டுக்கும் வலி கிடையாது. ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் என்று இரண்டு எளிய சோதனைகளை இந்த நோய்கள் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது செய்துகொள்ள வேண்டும். உப்பு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் எல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்தி. மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளை மாதக் கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்துக்கு நாமே வைக்கும் வேட்டு.

தண்ணீரைத் தாகத்துக்குக் குடித்தால் போதும். வெயிலிலும் உழைப்பிலும் கூடுதலாக வேண்டும். இதய நோயும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. கீரை, காய், பழம், பயறு, தீட்டாத தானியம் ஆகியவற்றைச் சாறாகப் பிழியாமல் நாரோடு சாப்பிட வேண்டும். அந்த நார்தான் பித்தநீரோடு வந்த கழிவை அணைத்துக்கொண்டு வெளியே போகிறது. சக்கையைக் கொட்டிவிட்டுச் சாற்றைக் குடிப்பவர் வேலைக்காரனைத் துரத்திவிட்டு வீடு சுத்தமாக வேண்டும் என்கிறார். இவற்றோடு ஏழு மணி நேரத் தூக்கம். புகை வேண்டாம். எல்லாம் பாட்டிகள் சொன்னது போலவே இருக்கிறதே என்றால், ஆமாம்.

தமிழ் எம்.ஏ. படித்த நாட்களில் கவனிக்காத ஒன்று இப்போது கண்ணில் படுகிறது. திருக்குறளில் 95ஆவது அதிகாரத்துக்கு 'மருந்து' என்று பெயர். பத்துக் குறளிலும் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. முன்பு உண்டது செரித்ததா, பசி எடுத்ததா, அளவு என்ன என்பதுதான் பேச்சு. பிறகு, வைத்தியன் முதலில் நோய் இன்னதென்று தெளிந்து அதன் காரணத்தைத் தேட வேண்டும் என்கிறார். பெயர் தெரியாத நச்சுக்கு மருந்து கொடுக்கும் வேலை வள்ளுவரிடம் இல்லை.

நிஜமான நச்சுகளுக்கு எப்போதும் பெயர் இருக்கிறது. பெட்ரோலில் கலந்த ஈயத்துக்குப் பெயர் இருந்தது, அதனால் 2000இல் நாடு முழுவதும் அதை நிறுத்த முடிந்தது. காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் இருந்து தெளிக்கப்பட்ட எண்டோசல்ஃபானுக்குப் பெயர் இருந்தது, அதனால் 2011இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நவம்பர் மாதத்தில் தில்லியில் நான் சுவாசிக்கும் புகைக்கும் பெயர் இருக்கிறது. அதை எந்த நெல்லிக்காய்ச் சாறும் என் நுரையீரலில் இருந்து எடுக்காது. அதற்குப் பொறுப்பானவர்களை நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வியை, 'உன் உடம்புக்குள் நச்சு இருக்கிறது, நீயே வாங்கிக் குடி' என்று நம் பக்கமே திருப்பி விடுகிறார்கள்.

சித்தி இப்போது நன்றாக இருக்கிறார். காய்கறியை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டுத்தான் சமைக்கிறார், டயட்டீஷியன் சொன்னபடி. இளநீரைப் பார்த்தால் பெருமூச்சு விடுகிறார். சாயங்காலம் காலனிக்குள் நாலு சுற்று நடக்கிறார்.

சென்ற மாதம் இன்னொரு பிரசுரம் வந்தது. வேறு ஏஜென்சி, பன்னிரண்டு பக்கம், பணமும் கூடுதல். "எந்த நச்சு என்று எழுதி அனுப்புங்கள், உடனே மொழிபெயர்த்துத் தருகிறேன்" என்று பதில் போட்டேன். இதுவரை பதில் வரவில்லை.