முயலுக்கு எந்த அம்பு?

காஞ்சிபுரம் மாவட்டம் புள்ளலூரிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: “மூங்கில் வில் வாங்கியிருக்கிறேன். முயலுக்கு எந்த முனை சரி?”

முதலில் விஷயம். இருபுறமும் வெட்டும் அகல அலகு, மான் மாதிரி பெரிய உடம்புக்கு. முயலுக்குள் கூர்முனை ஊடுருவிப் போய்விடும்; காயத்தோடு அது புதரில் மறைந்து, கிடந்து சாகும். குறி தப்பினால் அம்பும் புல்லடியில் புதைந்து தொலையும். அதனால்தான் சிறு விலங்குக்கு மொட்டை முனை வைத்தார்கள். அது குத்தாது, அடிக்கும்.

வள்ளுவரோ முயலை வீழ்த்திய அம்பைவிட, யானையிடம் குறி தப்பிய வேலே மேல் என்றார் (குறள் 772). உங்கள் ஊருக்கும் சின்ன ஆயுதம் பழக்கமில்லை. 1780 செப்டம்பரில் கர்னல் பெய்லியின் படை மீது திப்புவின் ராக்கெட்டுகள் பாய்ந்த மண் அது!

ஆனால் தம்பி, பிடரியில் கறுப்புத் திட்டோடு வரப்பில் ஓடுகிறதே, அந்தக் காட்டு முயலை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. எந்த முனையால் அடித்தாலும் வழக்கு, சிறைவரை போகும். வீடியோ எடுத்துப் போட்டால் சாட்சியும் நீங்களே.

கை துறுதுறுக்கிறதா? மண்மேட்டுக்கு மொட்டை முனை, வைக்கோல் கட்டுக்குக் கூம்பு முனை. பின்னால் ஆள், மாடு நடமாட்டம் இல்லாத இடமாகப் பாருங்கள்.