உண்டியலுக்கு ரெண்டு சாவி, கைப்பேசிக்கு?



இது உபயப் பட்டியலோ திருவிழா அறிவிப்போ இல்லை. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க, வீட்டுப் பெரியவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

ஈப்போ, புந்தோங், சுங்கை சிப்புட், பத்து காஜா பக்கம் நம்ம கோயில்களுக்கு வர்ற பெரியவங்க பலர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்க. விடிகாலைப் பெரட்டுக்கு எழுந்து உழைச்சு, 55 வயசுல கையில வாங்கின இபிஎஃப் பணம்தான் அவங்க சொத்து. அந்தப் பணம் இன்னிக்கு கைப்பேசிக்குள்ள இருக்கு. திருடனும் இப்போ போன் வழியாத்தான் வர்றான். அதனால எங்க கருத்து இதுதான்: தேவார வகுப்பு நடக்கிற அதே மண்டபத்துல இணையப் பாதுகாப்பின் அடிப்படையையும் சொல்லித் தரணும்.

"என் ஐசி நம்பர், வீட்டு விலாசம் எல்லாம் சரியா சொன்னாரு, அதான் போலீஸ்னு நம்பிட்டேன்" என்று ஏமாந்தவங்க சொல்றதைக் கேட்கிறோம். 2017 அக்டோபரில் இந்த நாட்டின் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரம் வெளியே கசிந்த செய்தி வந்தது. பெயர், விலாசம், அடையாள அட்டை எண் எல்லாம் அதில் இருந்தன. அப்போது நாட்டின் மக்கள் தொகையே ஏறக்குறைய 3 கோடியே 20 லட்சம்தான். ஆகவே நம்ம ஐசி நம்பர் இனி ரகசியம் இல்லை. அதைச் சரியா சொல்றவர் அதிகாரிதான் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. எந்தப் போலீஸும் நீதிமன்றமும் போன்ல விசாரிச்சு, "பணத்தை இந்தக் கணக்குக்கு மாத்துங்க"ன்னு சொல்லாது.

இந்தப் படிப்பைப் பெரிய விஷயமா நினைச்சுப் பயப்பட வேண்டாம். அடிப்படை மூணுதான், மூணும் நம்ம கோயில்லயே இருக்கு. உண்டியலைக் கண்டவங்க திறக்கக் கூடாது, அது ரகசியம் காத்தல். கணக்குப் புத்தகத்துல எழுதினதை யாரும் திருத்தக் கூடாது, அது மாறாமை. நேரத்துக்கு நடை திறந்திருக்கணும், அது தேவைப்படும்போது கிடைத்தல். உலகத்துல எந்த நிபுணரும் இந்த மூணையும் காப்பாத்தத்தான் வேலை பார்க்கிறார்.

பல கோயில்ல உண்டியலுக்கு ரெண்டு சாவி, ரெண்டு பேர் கையில இருக்கும். ஒரு சாவி தொலைஞ்சாலும் பணம் போகாது. வாட்சாப், ஈமெயில் ரெண்டுக்கும் அதே மாதிரி இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு வைங்க. கடவுச்சொல் நீளமா இருக்கட்டும். சாமி பேரையும் 108-ஐயும் சேர்த்து வைக்காதீங்க, அதைத்தான் முதல்ல ஊகிப்பாங்க. ஒரே சொல்லை எல்லா இடத்துக்கும் வைக்கவும் கூடாது.

வாட்சாப்ல கல்யாணப் பத்திரிகைன்னு ஏபிகே கோப்பு வந்தா தொடாதீங்க. பத்திரிகை என்பது படமாத்தான் வரும். அந்தக் கோப்பு ஒரு செயலி. அது உள்ளே நுழைஞ்சா உங்களுக்கு வர்ற குறுஞ்செய்தியைப் படிச்சு, பேங்க் அனுப்புற டிஏசி எண்ணையும் எடுத்துக்கும். 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி எண்ணை விட்டு வேற முறைக்கு மாறும்படி வங்கிகளுக்குச் சொன்னது இந்த மாதிரி மோசடிகளாலதான்.

டூயிட்நவ் கியூஆர்ல காணிக்கை போடும்போது திரையில வர்ற பேரு கோயில் பேருதானா என்று பார்த்துட்டு அழுத்துங்க. ஒட்டின கியூஆர் மேல இன்னொன்னை ஒட்டுறது ரொம்ப சுலபம். புதுசா யாருக்காவது பணம் அனுப்பறதுக்கு முன்னால, போலீஸின் செமாக் மியூல் தளத்துல அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்க.

ஆபீஸ்ல வேலை செய்யற தம்பி தங்கைகளே, "எங்க பேங்க் கணக்கு மாறிடுச்சு"ன்னு சப்ளையர்கிட்டேருந்து ஈமெயில் வந்தா, அதுல இருக்கிற நம்பருக்குக் கூப்பிடாதீங்க. உங்ககிட்ட பழைய நம்பர் இருக்கும், அதுக்குக் கூப்பிட்டுக் கேளுங்க.

சில நூறு வெள்ளிக்கு ஏடிஎம் கார்டை வாடகைக்குக் கொடுக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அதுக்குப் பேருதான் கழுதைக் கணக்கு. 2024-ல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி இதைத் தனிக் குற்றமாவே ஆக்கிட்டாங்க. பணத்தை எடுத்தவன் தப்பிச்சுடுவான், கார்டுல பேரு இருக்கிறவன்தான் மாட்டுவான்.

இதே துறையில நேர்மையான வேலையும் இருக்கு. இணையப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஆகஸ்ட் 26 முதல் நடப்புக்கு வந்திருக்கு. வங்கி, மருத்துவம், தண்ணீர், மின்சாரம் உட்பட 11 துறைகளுக்கு அது கடமை விதிக்குது. அதைச் செய்ய ஆள் வேணும். எடுத்ததும் ஆயிரக்கணக்குல கட்டி கோர்ஸ்ல சேர வேண்டாம். நெட்வொர்க் எப்படி ஓடுது, லினக்ஸ் என்ன, பதிவேடுகளை எப்படிப் படிக்கிறது, இதெல்லாம் இலவசமாவே கிடைக்குது. வேலை முடிஞ்சு தினம் ஒரு மணி நேரம் உட்காருங்க. பிடிச்சிருந்தா அப்புறம் சான்றிதழுக்குப் போகலாம்.

"சாமி கும்பிடற இடத்துல கம்ப்யூட்டர் பாடம் எதுக்கு?" என்று சிலர் கேட்கிறாங்க. நியாயமான கேள்விதான். ஆனா தோட்டத்துல கோயில் எப்பவும் ஜனங்க கூடுற இடமாவும் இருந்துச்சு. பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்துல பள்ளிக்கூடம் வைக்கணும்னு 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. பல தோட்டத்துல அந்தப் பள்ளி கோயிலுக்குப் பக்கத்துலதான் நின்னுச்சு. ஜனங்க இருக்கிற இடத்துக்குத்தான் படிப்பு போகணும். வங்கி நடத்துற விளக்கக் கூட்டத்துக்கு வராத பாட்டி, வெள்ளிக்கிழமை பூஜைக்கு வருவாங்க.

முக்கியமா ஒண்ணு. ஏமாந்தவங்களைத் திட்டாதீங்க. வீட்டுல ஏச்சு விழும்னு பயந்து ரெண்டு நாள் மறைக்கிறாங்க. அதுக்குள்ள பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிடுது. தெரிஞ்ச நிமிஷமே பேங்குக்கும், 2022 அக்டோபரில் தொடங்கின தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997-க்கும் கூப்பிடுங்க, அப்புறம் போலீஸ் புகார் செய்யுங்க. வேகமா கூப்பிட்டாத்தான் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருக்கு.

கோயில் நிர்வாகங்களுக்கு எங்கள் வேண்டுகோள்: வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு 20 நிமிஷம் மண்டபத்தைக் கொடுங்க. ஒரு இளைஞர் ரெண்டு பெரியவங்களோட உட்காரட்டும், அவங்க கடவுச்சொல்லை மட்டும் கேட்காம. கோயில் கணக்குக்கும் ஆளுக்கொரு நுழைவு இருக்கட்டும். பொறுப்பு மாறினா கடவுச்சொல்லும் மாறட்டும். அன்னதானம் பரிமாறுற அதே கையால இதையும் செய்வோம்.

 வேலும் மயிலும் துணை.