ரெண்டு கேபிள் போட்டா டபுள் ஸ்பீடா?

போன வாரம் ஒரு விஸ்காம் கோஷ்டி என்னைத் தேடி வந்துச்சு. நாலு பேர், ஒரே வாடகை வீடு. குறும்பட ஷூட்டிங் முடிஞ்சு எடிட்டிங் நடக்குது. எடுத்த வீடியோ முழுக்க ஹால்ல இருக்கற 'நாஸ்' பெட்டியில. அதாங்க, நெட்வொர்க்ல மாட்டிவெச்சு எல்லாரும் பொதுவா யூஸ் பண்ற ஹார்டு டிஸ்க் பெட்டி. அதுக்குப் பின்னாடி ரெண்டு நெட்வொர்க் போர்ட். 'ரெண்டுலயும் கேபிள் சொருகி லிங்க் அக்ரிகேஷன் போட்டா ஸ்பீடு டபுள்'னு யாரோ கொளுத்திப்போட, மெஸ் பில்லுக்கு வெச்சிருந்த காசுல புது ஸ்விட்ச் வாங்கிட்டாங்க. காப்பி பண்ணிப் பார்த்தா, அதே பழைய நொடிக்கு 110 எம்.பி.! "ஏமாந்துட்டோமாண்ணா?"

ஏமாறலை தம்பிகளா, பாதி மட்டும் தெரிஞ்சுக்கிட்டு வாங்கிட்டீங்க.

கணக்கு சிம்பிள். ஜிகாபிட் கேபிள்னா நொடிக்கு 1,000 மெகாபிட். எட்டால் வகுத்தா 125 மெகாபைட். வழிச்செலவு போக கையில கிடைக்கிறது 110-ஐ ஒட்டித்தான். ரெண்டு கேபிளைச் சேர்த்தா 220 வரணுமே? அங்கதான் ட்விஸ்ட்!

லிங்க் அக்ரிகேஷன்ங்கிறது பக்கத்துல இன்னொரு ரோடு போடற வேலை. ரெண்டு பஸ் வந்தா ஆளுக்கொரு ரோட்டுல போகலாம். ஆனா, ஒரே பஸ் ரெண்டாப் பிரிஞ்சு ரெண்டு ரோட்டுலயும் ஓடுமா? ஓடாது. 2000-ல் வந்த 802.3ஏடி தரமும் அப்படித்தான். அனுப்புறவர், வாங்குறவர் முகவரியை வெச்சுக் கணக்குப் போட்டு, ஒரு இணைப்பை ஒரே கேபிள்ல தள்ளிவிடும். பிரிச்சு அனுப்பினா தகவல் வரிசை மாறி வந்துடும் இல்லையா? போதாக்குறைக்கு, உங்க லேப்டாப்புல இருக்கறதும் ஒரே கேபிள்தானே!

அப்போ இது வேஸ்ட்டா? இல்லவே இல்லை. ரெண்டு மூணு பேர் ஒரே நேரத்துல வீடியோவை இழுக்கும்போதுதான் இதோட அருமை தெரியும். முகவரிக் கணக்குப்படி ரெண்டு பேரும் ஒரே கேபிள்ல மாட்டிக்கிற சான்ஸும் உண்டு. அது லக்! ஒரு கேபிள் பிடுங்கிக்கிட்டாலும் இன்னொண்ணுல வேலை ஓடும்.

செட் பண்றவங்க கவனிங்க. ஸ்விட்ச்சுக்கு 'எல்.ஏ.சி.பி.' தெரிஞ்சிருக்கணும். சும்மா சொருகினா போதும்ங்கிற சாதா ஸ்விட்ச்சுக்குப் பொதுவா தெரியாது. நாஸ், ஸ்விட்ச் ரெண்டு பக்கமும் ஒரே மோடு வைக்கணும். இல்லைன்னா நெட்வொர்க் காலை வாரிடும். சாதா ஸ்விட்ச்தான் இருக்கா? நாஸ்ல 'அடாப்டிவ் லோட் பேலன்சிங்' இருக்கான்னு பாருங்க, அதுக்கு ஸ்விட்ச் தயவு தேவையில்லை.

'நான் ஒரே ஆள், எனக்கு ஸ்பீடு வேணும்'கிறீங்களா? உங்க ரூட் 2.5 ஜிகாபிட். 2016-ல் தரம் வந்தாச்சு, வீட்டுல இருக்கற கேட் 5ஈ கேபிளே போதும். ஆனா நாஸ், ஸ்விட்ச், கம்ப்யூட்டர் மூணுலயும் அந்த போர்ட் இருக்கணும். இன்னொரு வழி 'எஸ்.எம்.பி. மல்டிசேனல்'. 2012-ல் விண்டோஸ் 8 கூட வந்தது. இது ஒரே ஃபைலையும் ரெண்டு கேபிள்ல பிரிச்சு அனுப்பும். கம்ப்யூட்டர்லயும் ரெண்டு போர்ட் வேணும், நாஸும் இதை சப்போர்ட் பண்ணணும்.

பர்ஸைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். பெரிய ஃபைல் ஒண்ணை கேபிள் வழியா காப்பி பண்ணுங்க. 110 வந்தா கேபிள் அதோட எல்லையைத் தொட்டுடுச்சு. அதைவிட ரொம்பக் கம்மின்னா வில்லன் வேற. வைஃபையா இருக்கலாம், பழைய டிஸ்க்கா இருக்கலாம். அதுக்கு ரெண்டாவது கேபிள் மருந்தில்லை.

கிளம்பும்போது அந்த நாலு பேர்கிட்ட ஒண்ணு கேட்டேன். "ஷூட் பண்ணதுக்கு வேற காப்பி இருக்காப்பா?" கப்சிப்! ரெண்டு கேபிளும் போய் நிக்கிறது ஒரே பெட்டியிலதானே? அது படுத்துட்டா படமும் சேர்ந்து படுத்துடும். 110 ஸ்பீடுல 1 டி.பி. காப்பியாக சுமார் ரெண்டரை மணி நேரம். ஒரு சினிமா பார்க்கற டைம்தான்! அன்னிக்கு ராத்திரியே ஒரு எக்ஸ்டெர்னல் டிஸ்க்கைக் கடன் வாங்கி காப்பி போட்டுட்டாங்க.

நீங்க எப்போ?