இலவச அறையா, கூலியா?

அமெரிக்காவில் படிக்கும் என் பேத்தி ஆர்.ஏ. ஆகியிருக்கிறாள். அதாவது ரெசிடென்ட் அசிஸ்டென்ட். விடுதியில் ஒரு தளத்துப் பிள்ளைகளுக்கு அவள்தான் பொறுப்பு. அறையும் சாப்பாடும் இலவசம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு இல்லை.

ஆதிதிராவிடர் நல விடுதியில் 9 ஆண்டுகள் காப்பாளராக இருந்தவன் நான். நள்ளிரவில் மொட்டைமாடிச் சுவரில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தால் நமக்குக் கை எப்படி நடுங்கும் என்று தெரியும். அப்போது எனக்கு வயது 42, மாதச் சம்பளம் வந்தது. பேத்திக்கு வயது 20. போன மாதம் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணோடு விடிய விடிய உட்கார்ந்துவிட்டு, காலையில் பரீட்சை எழுதப் போயிருக்கிறாள். மேலே போன் செய்தாளாம். "படிவத்தை நிரப்பி அனுப்பு" என்றார்களாம்.

இதற்குப் பெயர் தலைமைப் பண்புப் பயிற்சியாம்! பயிற்சி என்றால் பக்கத்தில் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டாமா?

வேலை போனால் அறையும் போகும். கீழத்தஞ்சைக்காரனுக்கு இது புதிதா? மனை பண்ணையாருடையது, அதனால் வாய் திறக்கக் கூடாது. அதை மாற்ற இங்கே 1971-இல் குடியிருப்புச் சட்டம் வர வேண்டியிருந்தது. அங்கே 2002-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆமெர்ஸ்ட் வளாகத்தில் ஆர்.ஏ.க்கள் ஓட்டுப் போட்டுச் சங்கம் வைத்தார்கள். 2022-இல் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலும் வைத்தார்கள்.

"உங்க இடத்துல சங்கம் இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"மெதுவா பேசுங்க தாத்தா" என்றாள்.