நம் வயலுக்குத் தண்ணீர் தரும் சமுத்திரம்



கடலும் களப்பும் நமக்குப் பழக்கம். ஆனால் அம்பாறையைத் தாண்டி இங்கினியாகலையில் கிடக்கும் பெருங்குளத்தை நம்மில் பலர் கண்ணால் கண்டதில்லை. சேனநாயக்க சமுத்திரம் என்று அதற்குப் பெயர். இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் அதுதான்.

பதுளைப் பக்கத்து மலைகளில் தொடங்கி ஒலுவிலுக்கு அருகே கடலில் விழும் கல்லோயாவை நம் மூத்தவர்கள் பட்டிப்பளை ஆறு என்பார்கள். அந்த ஆற்றை மறித்து அணை கட்டும் வேலை 1949இல் தொடங்கியது. குளம் நிரம்பினால் ஆழம் 110 அடி; கொள்ளும் தண்ணீர் 770,000 ஏக்கர் அடி. ஒரு ஏக்கர் வயலில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீரே ஒரு ஏக்கர் அடி. வயல் வேலை தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ரஷ்யாவின் பைக்கால் ஏரி 1,642 மீற்றர் ஆழமாம். இருக்கட்டும், அந்தத் தண்ணீர் நம் சோற்றுப் பானைக்கு வரப்போவதில்லை.

குளத்தைச் சுற்றியுள்ள காடு 1954இல் தேசிய பூங்காவானது. குளத்தின் நடுவே தீவுகள் உண்டு. யானைகள் தும்பிக்கையை மேலே நீட்டிக்கொண்டு ஒரு தீவிலிருந்து மற்றத் தீவுக்கு நீந்திப் போகும். கடுக்காய், தான்றிக்காய், நெல்லி மூன்றும் அந்தக் காட்டில் விளைகின்றன. திரிபலா சூரணம் என்று நாம் கடையில் வாங்குவது இந்த மூன்றும் சேர்ந்ததுதான்.

அந்தப் பள்ளத்தாக்கில் வேடர் குடும்பங்கள் வாழ்ந்தன. தண்ணீர் ஏறியபோது அவர்களில் சிலர் இடம்பெயர நேர்ந்தது. இடம்பெயர்வு என்றால் என்னவென்று இந்தப் பக்கத்தை வாசிக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதிய குடியேற்றங்கள் வந்தன. 1956 ஜூனில் அங்கே இனக்கலவரமும் நடந்தது.

குளத்துக்குக் கிட்டவுள்ள வயல் முதலில் குடிக்கும், கடைசி வாய்க்கால் காத்திருக்கும். சண்டை மூள இது போதும். ஆனாலும் 1981இல் வேறொன்று நடந்தது. அந்தச் சிறுபோகத்தில் குளம் கால்வாசிதான் நிரம்பியிருந்தது. கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இடதுகரையில் விவசாயிகளைச் சிறு குழுக்களாகச் சேர்த்தன. மேல்பகுதியில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைப்பகுதியில் தமிழ் விவசாயிகள். மேலே இருந்தவர்கள் தண்ணீரை மிச்சம்பிடித்துக் கீழே விட்டார்கள். சமூகவியல் படித்த காலத்தில் இதை வாசித்தபோது என்னால் இலேசில் நம்ப முடியவில்லை.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்பு பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. எத்தனை ஏக்கர் செய்யலாம், எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, எப்போது பூட்டுவது எல்லாம் அங்கேதான் முடிவாகும். நம் பகுதியில் சீதனமாகப் பெண்ணின் பெயரில் வயல் இருப்பது புதிதல்ல. ஆனால் கூட்டத்தில் போய் இருப்பது ஆண்கள். கணவனை இழந்தவளின் வயலுக்கு அங்கே யார் பேசுவது?

எனக்குத் தெரிந்த ஒரு ராத்தா 1990இல் கணவனைப் பறிகொடுத்தவர். சம்மாந்துறைப் பக்கம் இரண்டு ஏக்கர், குத்தகைக்குக் கொடுத்திருந்தார். ஒரு சிறுபோகம் முடிந்ததும் குத்தகைக்காரர் வந்து, தண்ணீரை முந்திப் பூட்டிவிட்டார்கள், நெல் பதராகிவிட்டது, காசில்லை என்றார். உண்மையா பொய்யா என்று பார்க்க ராத்தாவிடம் ஒரு வழியும் இல்லை. அடுத்த போகத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு தானே கூட்டத்துக்குப் போனார். பின்வரிசையில் இருந்து, தண்ணீர் திறக்கும் திகதியையும் பூட்டும் திகதியையும் மகளைக் கொண்டு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதுவித்தார். அந்த முறை குத்தகைக்காரர் வந்தபோது, கொப்பியை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் பேசினார்.